ஆள் இருந்தால் ஆடாத கார்

என் காரைப் பற்றி நான் சொன்னதை எட்டு மாதம் ஒருத்தரும் நம்பவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். ஏனென்றால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூப் பார்க்கிறவள். நீங்கள் தினமும் காலையில் தாள் கிழிக்கிறீர்களே, அந்தத் தாளில் திதி, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்ப்பது என் வேலை. சித்திரை வெயில் கொளுத்தும்போது நான் அடுத்த வருஷத்துக் கார்த்திகையில் இருப்பேன். செவ்வாய்க்கிழமைத் தாளில் ஞாயிற்றுக்கிழமையின் ராகு காலம் ஏறியிருந்தால் என் கண் அதைத் தாண்டிப் போகாது. பிழை இருக்கிறது என்று நான் சொன்னால் மெஷினை நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவள் காரில் பிழை இருக்கிறது என்று சொன்னபோது சிரித்தார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீடு விருதுநகரில். என் கணவர் இருந்தவரை காலையில் பஸ் ஸ்டாண்டில் கொண்டு வந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப் போவார். அவர் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. அவர் போன கையோடு என் இடது முழங்காலும் என்னை விட்டுப் போய்விட்டது. பஸ் படி ஏற முடியவில்லை. பெங்களூரில் இருக்கிற மகன், இடது காலுக்கு வேலையே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கி அனுப்பினான். ஐம்பத்தைந்து வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த ஆள் முதல் நாள், “இனிமே எதுக்கும்மா உங்களுக்கு இது?” என்றான். லைசென்ஸ் வாங்கிய அன்று அவனிடமே போய் ஸ்வீட் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு அவ்வளவு கொழுப்பு.

ஒன்றரை வருஷம் கார் ஒரு வம்பும் செய்யவில்லை. அப்புறம்தான் ஆட ஆரம்பித்தது. வேகமாகப் போனால் ஒன்றும் இல்லை. மெதுவாக ஊர்ந்து போகும்போது, ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில், முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு உதறல். ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற கை வரைக்கும் அது வரும். கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் வாடையும் வரும். ஒருநாள் சாயங்காலம் முன்னால் இருக்கிற திரையில் சிவப்பு எழுத்து வந்து, கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று டொய்ங் டொய்ங் என்று கத்தியது. நிறுத்தினேன். யாருக்குப் போன் போடுவது என்று யோசித்து முடிப்பதற்குள் எழுத்து மறைந்துவிட்டது. மறுபடி கிளப்பினால் கார் ஒன்றுமே தெரியாத பிள்ளை போலப் போனது.

மதுரையில் அந்தக் காரின் சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை கொண்டுபோனேன். முதல் தடவை டை கட்டிய ஒரு ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரிங் ரோட்டில் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். ஆடவே இல்லை. “நல்லாத்தானே மேடம் இருக்கு” என்றார். இரண்டாவது தடவை சாப்ட்வேர் புதிதாக ஏற்றினோம், கிளட்சுக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடியது. மூன்றாவது தடவை அதே ஆள் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “வீட்ல யாரெல்லாம் மேடம் இருக்கீங்க?” என்று கேட்டார்.

கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரியாதா? “நான் மட்டும்தான் இருக்கேன். அதுக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?” என்று சத்தம் போட்டேன். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குறை எதுவும் தென்படவில்லை என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

என் பக்கத்து வீட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனால் ஆடவில்லை. கம்பெனி மேனேஜரை ஒருநாள் விருதுநகர் வரை ஏற்றி வந்தேன், ஆடவில்லை. அவர் இறங்கும்போது, “எதுக்கும் கண்ணை ஒருவாட்டி செக் பண்ணிக்கோங்க” என்றார். ஆடுவது கார், செக் பண்ண வேண்டியது என் கண்ணாம்! ஆள் இருந்தால் ஆடாத கார், நான் தனியாக இருந்தால் மட்டும் ஆடுகிறது. இதை வெளியே சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரிந்தும், எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் இருந்த நம்பர் என் மகனுடையது. அவர்கள் அவனுக்குப் போன் செய்து என்ன சொன்னார்களோ, அன்றைக்கே அவன் கூப்பிட்டான்.

“அம்மா, கார்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்றாங்க.”

“அவங்களுக்குத் தெரியல.”

“போன மாசம் தண்ணி மோட்டார்ல சத்தம் வருதுன்ன. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னாரு. இப்ப கார். தனியா இருந்து இருந்து உனக்கு இப்படியெல்லாம் தோணுதும்மா. தீபாவளிக்கு வர்றேன். காரை வித்துடலாம். வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடு.”

கார் இல்லையென்றால் கம்பெனி இல்லை. கம்பெனி இல்லையென்றால் நான் இங்கே இருக்க ஒரு காரணமும் சொல்ல முடியாது. அவன் வீட்டில் பதினைந்து நாள் இருந்து பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது மாடி. அவனும் மருமகளும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். நல்ல பிள்ளைகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால், இல்லாததெல்லாம் இருப்பதாகச் சொல்கிற கிழவி என்ற முத்திரையோடே மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். கார் ஆடுவது நிஜம் என்று தீபாவளிக்குள் நிரூபிக்க வேண்டும். எனக்கு வேறு வழி இல்லை.

ஆவணி பாதியில் விருதுநகர் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷெட்டுக்குப் போனேன். அந்த மெக்கானிக் கோயம்புத்தூரில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். நாற்பது வயது இருக்கும். பட்டாசு ஆலை வேன்கள்தான் அவருக்கு அதிகம் வரும். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். சிரிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டார்.

“எப்பம்மா ஆடுது, காலையிலயா சாயங்காலமா?”

“சாயங்காலம்.”

“கிளம்பி எம்புட்டு நேரங்கழிச்சு? ஏசி போட்டிருக்கையிலா, அமத்தியிருக்கையிலா? ஏத்தத்துலயா, சமதளத்துலயா? வாடை முன்னால வருதா, ஆட்டம் முன்னால வருதா?”

அடேயப்பா, எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் தயங்கித் தயங்கி, “இன்னொண்ணு தம்பி, ஆள் இருந்தா ஆடாது” என்றேன். அதையும் எழுதினார்.

“இதையுமா எழுதுற?”

“எழுதணும்ல. இதும் ஒரு விவரம்தான.”

அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவர் அரைநாள் காரோடு மல்லுக்கட்டினார். இன்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பர் பிடிமானங்கள் கிழிந்திருந்தால் ஆடும் என்று கீழே படுத்துப் பார்த்தார், கிழியவில்லை. ஒரு பிளக் சரியாக எரியாவிட்டாலும் இப்படி உதறும் என்று நாலையும் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தன. கியர்பாக்ஸில் எண்ணெய்க் கசிவு இல்லை. லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தபோது, கிளட்ச் பல தடவை சூடேறியதாகக் கணக்கு மட்டும் இருந்தது. எப்போது, எங்கே என்று இல்லை.

கை துடைத்துக்கொண்டே எனக்குப் புரியவைத்தார். இந்தக் காரில் இரண்டு கிளட்ச் இருக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து எல்லாம் ஒரு கிளட்சுக்கு. இரண்டு, நாலு, ஆறு இன்னொன்றுக்கு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றது அடுத்த கியரைப் போட்டுத் தயாராக நிற்கும். அதனால்தான் வேகமாகப் போகும்போது கியர் மாறுவதே தெரியாது. “ஆனா உள்ள இருக்குறது நம்ம பழைய கிளட்ச் மாதிரிதாம்மா. கால் வைக்கிறது நீங்க இல்ல, கம்ப்யூட்டரு. அம்புட்டுதான் வித்தியாசம்.”

பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஸ்டீரிங்குக்கு அடியில் சொருகினார். ஒரு வாரம் அது எல்லாவற்றையும் பதிவு செய்யும் என்றார். “நீங்க எதையும் மாத்த வேண்டாம். எப்பவும் போற மாதிரியே போங்க.”

நானும் எப்பவும் போகிற மாதிரியே போனேன். வாரத்தில் நாலு நாள் ஆடியது. ஆட ஆட எனக்குச் சந்தோஷம். நல்லா ஆடு, எல்லாத்தையும் எழுதிக்கோ என்று காரிடம் சத்தமாகவே பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மெக்கானிக் லேப்டாப்பைத் திருப்பி எனக்குக் காட்டினார். கலர் கலராகக் கோடுகள். காலையில் போன கோடு படுத்துக் கிடந்தது. சாயங்காலக் கோடு மலை மாதிரி ஏறியிருந்தது.

“பாருங்கம்மா. இதான் கிளட்ச் சூடு. இந்தா, இந்த இடத்துல உதறுது பாருங்க, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு கியர் மாறி மாறித் தவிக்குது. நீங்க சொன்னது அம்புட்டும் நெசம். கார் ஆடத்தான் செய்யுது.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எழுதிக் கொடு தம்பி, ஒரு தாள்ல அச்சடிச்சுக் கொடு. நான் அத்தனை பேருக்கும் அனுப்பணும்” என்றேன்.

அவர் பிரிண்ட் எடுக்க எழுந்திருக்கவில்லை. “ஆனா பார்ட்ல கோளாறு இல்லம்மா. ஓட்டுறதுலதான். மத்த நேரமெல்லாம் அம்பது, அறுபதுல போறீக. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு மேல, ஒரு மணி நேரம், ஆறு, ஏழு, பத்து, அதுக்கு மேல ஏறவே இல்ல. நிக்கவும் மாட்டேங்கீக, போகவும் மாட்டேங்கீக. இந்த வேகத்துல கிளட்ச் முழுசாப் பிடிக்காது. பாதி பிடிச்சும் பிடிக்காமலும் உரசிக்கிட்டே கெடக்கும். ஒரு மணி நேரம் உரசினா என்னத்துக்கு ஆகும்? அதான் ஆடுது.”

“டிராபிக்” என்றேன்.

“எங்கன?”

“வர்ற வழியில, திருத்தங்கல்ல.”

“திருத்தங்கல்ல ஒரு மணி நேரமா? மெயின் ரோட்டுல இந்த வேகத்துல போனா பின்னாடி வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுருவான். இது உள்ரோடும்மா.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “நான் எந்த ரோட்டுல போனா உனக்கென்ன? கியர்பாக்ஸைப் பார்க்கச் சொன்னா கியர்பாக்ஸை மட்டும் பாரு” என்று கத்தினேன். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார்.

இதுவரை உங்களிடமும் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஐந்தரைக்கு விடுவார்கள். நேராக மெயின் ரோட்டில் வந்தால் ஆறேகாலுக்கு வீடு. தை மாதத்தில் ஒருநாள் திருத்தங்கல் தாண்டியதும் எனக்கு முன்னால் ஒரு பட்டாசு ஆலை வேன் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் கண்ணாடி இல்லாமல் திறந்து கிடந்தது. கடைசி சீட்டில் ஐந்தாறு பெண்கள். வேலை முடிந்து குளித்துத் தலைசீவிக் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். ஒருத்தி கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்கிறாள், மற்றவர்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து சிரிக்கிறார்கள். என்னை அறியாமல் நானும் சிரித்துவிட்டேன். என்ன கதை என்று எனக்கு எப்படித் தெரியும்? சும்மா சிரித்தேன். வேன் மெயின் ரோட்டை விட்டு இடதுபக்கம் கிராமத்து ரோட்டில் இறங்கியது. நானும் இறங்கினேன்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட தினமும். அந்த ரோட்டில் குண்டும் குழியும் வேகத்தடையும்தான். வேன் ஊர்ந்து போகும், ஊருக்கு ஊர் நின்று ஆளை இறக்கும். நான் அதன் பின்னாலேயே ஆக்சிலேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் ஊர்ந்து போவேன். கதை சொல்கிறவள், எப்போதும் தின்றுகொண்டே வருகிறவள், தூங்கி விழுகிறவள் என்று எல்லோரையும் எனக்குத் தெரியும். தூங்கி விழுகிறவள் கொஞ்ச நாளாக வராததில் எனக்குக் கவலை. அவர்களும் என்னைப் பார்ப்பார்கள், தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்வார்கள். என்னை அடையாளம் தெரிகிறது போல என்று நினைத்து எனக்குச் சந்தோஷம். ஆமத்தூருக்குப் பக்கத்தில் கடைசி ஆளும் இறங்கிய பிறகு நான் மெயின் ரோட்டுக்கு வந்து வீடு சேர ஏழேகால் ஆகும். வெறும் வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம் குறையும். பக்கத்து சீட்டில் யாராவது இருந்தால் நேராக மெயின் ரோட்டில் போய்விடுவேன். அதனால்தான் கார் ஆடுகிறது என்று தெரியாதா என்று கேட்பீர்கள். சத்தியமாகத் தெரியாது. மெதுவாகப் போனால் வண்டிக்கு நல்லது என்றுதான் நினைத்திருந்தேன்.

மெக்கானிக் தலை நிமிர்ந்தார். “கோவிச்சுக்கிடக் கூடாதும்மா. ஒண்ணு சொல்லட்டா? அந்த வேன் நம்ம ஷெட்டுக்குத்தான் வரும். ஒரு வெள்ளைக் கார் தெனமும் பின்னாடியே வருது, யாருதுன்னு தெரியுமான்னு டிரைவரு என்கிட்டயே கேட்டாரு. செக்கிங் மேடமுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. எத்தனை பேரை ஏத்துறோம்னு எண்ணுறாகன்னு. இப்ப சீசன்ல, வேனுக்கு அளவுக்கு மேல ஆளு. பயந்துபோயி மூணு பொம்பளைகளை ஏத்துறதே இல்ல. அவுக பஸ்ல வந்து மெயின் ரோட்டு விலக்குல எறங்கி ஊருக்குள்ள நடந்து போறாக. உங்க கார்தான்னு எனக்கு இந்தக் கோட்டைப் பார்த்த பெறகுதான் தெரியும்.”

என் முகம் எரிந்தது. தூங்கி விழுகிறவள் ஏன் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. நான் யாருக்குத் துணையாகப் போகிறேன் என்று எட்டு மாதமாக நினைத்தேனோ, அவர்களில் மூன்று பேரை நான்தான் நடக்க விட்டிருக்கிறேன். நாள் முழுக்க வெடிமருந்தோடு வேலை செய்துவிட்டு வருகிறவர்களை! ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது. அவர் எடுத்துக் கொடுத்த பிரிண்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மகனுக்கு அதை அனுப்பவும் இல்லை. அந்தக் கோடுகளைப் பார்த்தால் அவனும் எங்கே, எதற்கு அவ்வளவு மெதுவாக என்றுதான் கேட்பான்.

திங்கட்கிழமை கம்பெனியில் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பி, ஐந்தேகாலுக்கு, வேனில் எழுதியிருந்த ஆலையின் ரோட்டு முனைக்கு, அந்த வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். என் காரைப் பார்த்ததும் டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஓடிவந்தார். “மேடம், அளவாத்தான் ஏத்துறோம் மேடம்” என்றார்.

“நான் செக்கிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலண்டர் கம்பெனியில புரூப் பார்க்குறவ. சும்மாதான் பின்னாடி வந்தேன். உங்களைப் பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்கிடுங்க” என்றேன். சும்மா எதற்கு ஒருத்தி எட்டு மாதம் வேனுக்குப் பின்னால் வருவாள் என்று அவருக்கு விளங்கவில்லை, முழித்துக்கொண்டே நின்றார்.

அந்த மூன்று பெண்களும் பஸ்ஸுக்குப் போகத் தனியாக நின்றார்கள். போய், “உங்களை நான் கொண்டுபோய் விடுறேன், வாங்க” என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை. பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்தவள் பையில் இருந்து பழைய பேப்பரை எடுத்து சீட்டில் விரித்தாள்.

“எதுக்குங்க இதெல்லாம், சும்மா உட்காருங்க.”

“குளிச்சாலும் பட்டாசு மருந்தோட வெள்ளித்தூசி போகாது மேடம். சீட்டு வீணாப் போயிரும்” என்றாள். மூன்று பேரும் பேப்பர் மேல், சீட்டின் நுனியில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்சீட்டுக்கு யாரும் வரவில்லை.

கிளம்பினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பரபரப்பு. எட்டு மாதமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தவர்கள் இப்போது என் காருக்குள். நானாகத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று, “வேன்ல எத்தனை பேர் போவீங்க?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கண்ணாடியில் மூன்று முகமும் இறுகிவிட்டது.

“அளவாத்தான் மேடம்” என்றாள் மூத்தவள்.

அதன் பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், இருக்காக மேடம் என்றார்கள். சாப்பிட்டீங்களா என்றேன், ஆச்சு மேடம் என்றார்கள். தூங்கி விழுகிறவள் தூங்கவே இல்லை, கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மெயின் ரோட்டில் அறுபதில் போனோம். கார் ஆடவில்லை. இரண்டு கிளட்சும் மாறியதே தெரியவில்லை. இருபது நிமிஷத்தில் அவர்கள் ஊர் முனை வந்துவிட்டது.

இறங்கியதும் மூத்தவள் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “ரொம்ப நன்றி மேடம். நாளைக்கு வேன்லயே போய்க்கிறோம். நீங்க செக்கிங் இல்லைன்னு தெரிஞ்சதும், வாங்கன்னுட்டாரு டிரைவரு. கோவிச்சுக்கிடாதீக.”

“எனக்கென்ன கோவம்? இதுல சீக்கிரம் போயிடலாமேன்னுதான்...”

“சீக்கிரந்தான் மேடம்” என்று இழுத்தாள். “வேன்லன்னா பேசிச் சிரிச்சுக்கிட்டே போயிருவோம்.”

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவர்கள் பத்தடி போனதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. ஒருத்தி சிரித்தாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மெக்கானிக் ஓரத்தில் காரணம் எழுதியிருந்த அந்தத் தாளைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டான். ஆபீஸில் இருந்தான், சுற்றிலும் பேச்சுச் சத்தம் கேட்டது.

“சாரிம்மா. நீ சொன்னது கரெக்ட்தான். கிளட்ச் ஓவர்ஹீட் ஆகுது. நான்தான் நம்பாமப் போயிட்டேன்.”

“ம்.”

“ஸ்பீடா போனா சரியாயிடும், அவ்வளவுதானே? அப்ப காரை விக்க வேண்டாம். நீயும் அங்கேயே இரு, உன் இஷ்டம். ஆனா எதுக்கும்மா ஒரு மணி நேரம் பத்துல போன?”

ஜெயித்துவிட்டேன். டிராபிக் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் பெங்களூரில் இருக்கிறவன், டிராபிக் என்றால் மறு பேச்சில்லாமல் நம்பிவிடுவான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“சீக்கிரம் வந்தா வீட்ல யாரும் இல்லடா” என்றேன்.

நான் வேனைப் பற்றிச் சொன்னேன், பேப்பர் விரித்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இத்தனை வயதில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். “ஏலே, தினமும் ஆறேகாலுக்கு எனக்கு ஒரு போன் பண்றியா? நான் கதவைத் திறக்குற நேரம் அது. அஞ்சு நிமிஷம் பேசினாப் போதும்.”

“பண்றேம்மா. கண்டிப்பாப் பண்றேன்” என்றான். அப்புறம், “ஆறு மணிக்குத் தினமும் ஒரு மீட்டிங் இருக்கும்மா. எட்டு மணிக்குப் பண்ணட்டுமா? எட்டுன்னா நிச்சயமா முடியும்” என்றான்.

“சரிப்பா, எட்டு மணிக்கே பண்ணு” என்றேன்.

மறுநாள் திருத்தங்கல் தாண்டி வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்து அதைத் தாண்டினேன். உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கார் வெண்ணெய் மாதிரிப் போனது. வீட்டுக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, போனை எடுத்து மேஜை மேல் வைத்தேன். எட்டு மணிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.